எக்ஸான் வால்டெஸும் எங்க ஊர் மதகும்

கேள்வி, 27 ஜூலை 2024

"மணிலா வளைகுடாவுல 14 லட்சம் லிட்டர் எண்ணெயோட ஒரு டேங்கர் கப்பல் மூழ்கிடுச்சுன்னு செய்தி. உலகத்துலயே பெரிய கசிவு எக்ஸான் வால்டெஸ்தானே? அதுக்கே அந்தக் கம்பெனி காசைக் கட்டிட்டு நிமிர்ந்து நின்னுடுச்சு. டெல்டாக்காரங்க நாம ஏன் இதுக்கெல்லாம் பதறணும்? கப்பல் என்ன காவிரிக்குள்ளயா வரப்போவுது?"

27 ஜூலை, இரவு 9.50

கப்பல் வராது. லாரி வரும். எங்க ஊருக்கு வந்துச்சு. அதை அப்புறம் எழுதுறேன், முதல்ல எக்ஸான்ங்கிற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியோட டேங்கர் கப்பல், எக்ஸான் வால்டெஸ்.

1989 மார்ச் 24. நள்ளிரவு தாண்டி நாலு நிமிஷம். அலாஸ்காவுல பிரின்ஸ் வில்லியம் சவுண்ட்னு ஒரு கடல்பகுதி, அங்க பிளை ரீஃப்ங்கிற பாறைத்திட்டுல கப்பல் ஏறிடுச்சு. உள்ள இருந்தது சுமார் 20 கோடி லிட்டர் கச்சா எண்ணெய். கொட்டினது 4 கோடி லிட்டர் சொச்சம். நம்ம ரோட்டுல போற 12 ஆயிரம் லிட்டர் டேங்கரை வெச்சுக் கணக்குப் போட்டா மூவாயிரத்துக்கும் மேல லாரி. எண்ணெய் தொட்ட கரை 2,100 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக் கடற்கரை மொத்தமே 1,076 தான், அதைப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கறுத்துப்போச்சுன்னு வெச்சுக்குங்க. செத்த கடற்பறவை ரெண்டரை லட்சம் இருக்கும்னு மதிப்பீடு. கடல் நீர்நாய் 2,800.

கேப்டன் குடிச்சிருந்தான். அவ்வளவுதான் கதை.

28 ஜூலை, காலை 7.15

ராத்திரி அவசரத்துல ஒண்ணை விட்டுட்டேன். 'உலகத்துலயே பெரிய கசிவு'ன்னு கேள்வியில இருந்ததை நான் மறுக்கவே இல்ல. தப்பு. வால்டெஸ்ல கொட்டினது 37,000 டன். 1979-ல டொபாகோ பக்கம் ரெண்டு டேங்கர் மோதி, அட்லாண்டிக் எம்ப்ரஸ்ங்கிற கப்பல்ல இருந்து போனது 2,87,000 டன். 1978-ல பிரான்ஸ் கரையில அமோகோ காடிஸ், 2,23,000 டன். அளவு வரிசையில பார்த்தா வால்டெஸ் முதல் முப்பதுக்குள்ளகூட வராது.

அப்புறம் ஏன் அது மட்டும் ஞாபகத்துல நிக்குது? கரைக்குப் பக்கத்துல நடந்துச்சு. குளிர்ந்த கடல், எண்ணெய் சீக்கிரம் கரையாது. டிவி கேமரா போக முடிஞ்சுது. நடுக்கடல்ல பத்து மடங்கு கொட்டினாலும் படம் இல்லன்னா பேச்சு இல்ல.

இன்னைக்கு மேட்டூர் அணையைத் திறந்துட்டாங்க. வழக்கமாத் திறக்கிற ஜூன் 12 இந்த வருஷம் காலண்டர்ல மட்டும் வந்துட்டுப் போச்சு. கடைமடைக்குத் தண்ணி வந்து சேர்றப்ப பார்ப்போம்.

29 ஜூலை, இரவு 10.30

லாரிக் கதை.

1994, தீபாவளிக்கு முந்தின வாரம். எனக்குப் பதினேழு வயசு. திருவாரூருக்குத் தெற்கே, பாண்டவையாத்துப் பாசனம். எங்க தெருக்கோடியில மெயின் வாய்க்கால் மதகு; அங்க ரோடு சட்டுனு ஒடியும். அந்தக் காலத்துல எண்ணெய்க் கிணத்துலேர்ந்து கச்சா எண்ணெய் ஏத்திக்கிட்டு ராப்பகலா லாரி போவும். எந்தக் கம்பெனின்னு இங்க எழுதப்போறதில்ல, கேக்காதீங்க.

அடைமழை. ராத்திரி ரெண்டு மணி இருக்கும், இடி மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தா லாரி வாய்க்காலுக்குள்ள ஒருக்களிச்சுக் கிடக்கு, மேல்மூடி வழியா எண்ணெய் கொப்புளிக்குது. டார்ச் அடிச்சா தண்ணி மேல மயில்கழுத்துக் கலர். பார்க்க அழகா இருந்துச்சுன்னு சொன்னா அடிக்க வருவீங்க, ஆனா இருந்துச்சு. நாத்தம் மட்டும் தாங்கல. மண்ணெண்ணெயும் அழுகின முட்டையும் கலந்த மாதிரி.

சித்தப்பா ஆறு மா குத்தகைக்கு வெச்சிருந்தார், மதகுக்குக் கீழ முதல் மடை அவருது. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி, சேத்தை அள்ளி, வாழைமட்டையைச் சொருகி மடையை அடைச்சார். அடைக்கிறதுக்குள்ள மூணு வயல்ல ஏறிடுச்சு. சி.ஆர். 1009 நெல்லு, பச்சை கட்டி நின்ன பயிர். விடிஞ்சப்ப ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்புக் கோடு, ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி. கெண்டையும் நண்டும் வரப்பு ஓரம் செத்துக் கிடந்துச்சு.

ஓட்டினவன் தண்ணி போட்டிருந்தான்னு ஊரே சொன்னுச்சு. கப்பல்லயும் அதே கதை, பாருங்க.

31 ஜூலை, மதியம்

"உடனே கம்பெனி ஆள் வந்து சுத்தம் பண்ணலையா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். வந்தாங்க. மறுநாள் மதியம். எட்டுக் கூலியாள், பிளாஸ்டிக் வாளி, கோணிச்சாக்கு. எண்ணெயை உறிஞ்ச வைக்கோல் வேணும்னாங்க. எங்க வீட்டுப் போர்லேர்ந்தே பிடுங்கிக் குடுத்தோம். அந்த வைக்கோலுக்கு இன்னும் காசு வரல. முப்பது வருஷம் ஆச்சு, வட்டியோட பார்த்தா நான் இப்ப மாடிவீடு கட்டியிருக்கலாம்.

சிரிக்காதீங்க, பணக்கார நாட்டுலயும் இதே லட்சணம்தான். அந்தக் கப்பல் கிளம்பின வால்டெஸ் துறைமுகத்துல எண்ணெய்க் கம்பெனிகள் கூட்டா நடத்தின அலியெஸ்கான்னு ஒரு அமைப்பு. கசிவு நடந்தா அஞ்சு மணி நேரத்துல கருவிகளோட போய் நிப்போம்னு எழுதிக் குடுத்திருந்தாங்க. அன்னைக்குக் கருவிகளை ஏத்திட்டுப் போற மிதவைப்படகு ரிப்பேர்ல. போய்ச் சேர பதினாலு மணி நேரம் ஆச்சு. முதல் ரெண்டு மூணு நாள் கடல் குளம் மாதிரி கிடந்துச்சாம், அள்ளியிருந்தா அள்ளியிருக்கலாம். 26-ஆம் தேதி புயல் வந்து அத்தனையையும் கரைக்கு அடிச்சுத் தள்ளிடுச்சு.

2017 ஜனவரி 28-ல எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியில ரெண்டு கப்பல் மோதுச்சே, அங்கயும் வாளிதான். முதல்ல கசிவே இல்லங்கிற மாதிரி பேசினாங்க. கடைசியில கிட்டத்தட்ட 200 டன்னு கணக்கு வந்துச்சு. மீனவர்களும் காலேஜ் பசங்களும் கையால அள்ளின படத்தைப் பார்த்தப்ப எனக்கு எங்க ஊர் எட்டுப் பேர் ஞாபகம்தான்.

31 ஜூலை, மாலை

சோப்புத்தூளை மறந்துட்டேன். பக்கத்து வயல்கார மாமா ஒருத்தர், 'எண்ணெய்ப் பிசுக்குக்கு சோப்புதானே மருந்து'ன்னு கடைக்குப் போய் அஞ்சு கிலோ சலவைத்தூள் வாங்கிட்டு வந்து வாய்க்கால்ல கொட்டிக் கலக்கிட்டார். எண்ணெய் மாயமா மறைஞ்சுது. ஊரே கை தட்டுச்சு. மூணாம் நாள் கீழத்தெருக் குளத்துல விரால் மிதந்துச்சு.

1967-ல இங்கிலாந்து கரையில டோரி கேன்யன் டேங்கர் உடைஞ்சப்ப அரசாங்கமே இதைத்தான் பண்ணுச்சு. தெளிச்ச சலவைக் கரைசல், எண்ணெயைவிட அதிகமா கரையோர நத்தை, சிப்பியைக் கொன்னுச்சு. அலாஸ்காவுல சுடுதண்ணியை அழுத்தி அடிச்சுப் பாறையைக் கழுவினாங்க. பாறை பளிச்சுனு ஆச்சு. அதுல ஒட்டியிருந்த உயிர் எல்லாம் வெந்துபோச்சு. கழுவின இடம் திரும்ப உயிர் பிடிக்க, கழுவாம விட்ட இடத்தைவிட அதிக நாள் எடுத்துச்சுன்னு பின்னால ஆராய்ச்சியாளர்களே சொன்னாங்க. ஆனா கழுவுறது டிவியில நல்லாத் தெரியும். மாமாவைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல.

2 ஆகஸ்ட், இரவு 11.40

தூக்கம் வரல, அதனால எழுதுறேன். 27-ஆம் தேதி 'கேப்டன் குடிச்சிருந்தான், அவ்வளவுதான் கதை'ன்னு எழுதினேன். அதை வாபஸ் வாங்குறேன்.

கேப்டன் ஜோசப் ஹேசல்வுட் கரையில குடிச்சது உண்மை, அவரே மறுக்கல. ஆனா போதையில கப்பல் ஓட்டினார்ங்கிற குற்றச்சாட்டுல ஜூரி அவரை விடுதலை பண்ணிடுச்சு. கவனக்குறைவா எண்ணெயைக் கொட்டவிட்டதுக்கு மட்டும் தண்டனை, 50,000 டாலர் அபராதமும் ஆயிரம் மணி நேரம் சமூக வேலையும். மோதினப்ப அவர் கப்பலை ஓட்டுற மேடையிலயே இல்ல. பனிக்கட்டிக்கு ஒதுங்க வழித்தடத்தை விட்டு விலகினாங்க. திருப்பிக் கொண்டுவர வேண்டிய வேலை மூணாவது அதிகாரி கையில, அந்த ஆள் சரியாத் தூங்காதவர். விசாரணை வாரியம் கேப்டனோட குடியையும் சொல்லுச்சு. அதோடகூட இந்தக் களைப்பையும், தூங்கி எழுந்த ஆட்களைப் போடாத கம்பெனியையும், கண்காணிப்புல கோட்டைவிட்ட கடலோரக் காவல்படையையும் சேர்த்துத்தான் காரணமாச் சொல்லுச்சு. ஜனங்க மனசுல நின்னது குடி மட்டும்.

இப்ப எங்க ஊர் டிரைவர். அவனை நான் பார்த்தேன். அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுத் திண்ணையில உக்கார்ந்திருந்தான். நெத்தியில ரத்தம், உடம்பெல்லாம் எண்ணெய், கை வெடவெடன்னு ஆடுது. அம்மா வெந்நீரும் வரக்காப்பியும் குடுத்தாங்க, டம்ளரைப் பிடிக்க முடியல, நான்தான் பிடிச்சுக் குடிக்க வெச்சேன். அவ்வளவு கிட்டத்துல இருந்தேன். சாராய வாடை வரல. "மூணு நாளா எறங்கவே இல்ல தம்பி, கண்ணு சொருகிடுச்சு"ன்னான். 'அம்மா, ஊர்ல அடிப்பாங்களா'ன்னு ரெண்டு தடவை கேட்டான்.

மறுநாள் கம்பெனி சூப்பர்வைசர், "குடிச்சிட்டு ஓட்டியிருக்கான் சார், வேலையை விட்டுத் தூக்கியாச்சு"ன்னு தாசில்தார்கிட்ட சொன்னப்ப நான் பக்கத்துல நின்னேன். வாயைத் திறக்கல. அதுக்கப்புறம் முப்பது வருஷமா டீக்கடையில, கல்யாண வீட்டுல, நேத்து முந்தாநாள் இந்த இழையிலகூட, 'தண்ணி போட்டிருந்தான்'னுதான் சொல்லிக்கிட்டு வந்திருக்கேன். ஏன்னு தெரியல. சொல்ல வசதியா இருந்துச்சு.

5 ஆகஸ்ட், இரவு 9

"காசைக் கட்டிட்டு நிமிர்ந்துடுச்சு"ங்கிற பகுதிக்கு வர்றேன். கட்டினது பொய்யில்ல. சுத்தம் பண்ண 200 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணினதா எக்ஸான் சொல்லுது. 1991-ல அரசாங்கங்களோட 90 கோடி டாலருக்கு ஒப்பந்தம். இது ஒரு பக்கம்.

ஜனங்க போட்ட கேஸ் வேற. வழக்காடினவங்க 32,000 பேருக்கு மேல. 1994-ல ஜூரி, மீனவர்களுக்கு நஷ்டஈடா 28 கோடியே 70 லட்சமும், கம்பெனிக்குத் தண்டனையா 500 கோடியும்னு தீர்ப்பு சொல்லுச்சு. எக்ஸான் அப்பீல். மேல்கோர்ட்டு கடைசியில 250 கோடியாக் குறைச்சுது. திரும்ப அப்பீல். 2008-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம், நஷ்டம் எவ்வளவோ (ஜூரி சொன்னதோட, பேசி முடிச்ச மத்த தொகைகளும் சேர்த்து) தண்டனையும் அவ்வளவுக்கு மேல போகக்கூடாதுன்னு சொல்லி 50 கோடியே 75 லட்சத்துல நிறுத்திடுச்சு. தலைக்குப் பிரிச்சா சராசரி 15,000 டாலர் சொச்சம். கேஸ் போட்டவங்கள்ல நிறையப் பேர் அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாங்க.

அதே 2008-ல எக்ஸான்மொபிலோட லாபம் 4,520 கோடி டாலர். நான் கூட்டுறவு சங்கத்துல கணக்கு எழுதுறவன், விட மனசில்ல: ஒரு நாளைக்குச் சுமார் 12 கோடியே 40 லட்சம். 19 வருஷம் இழுத்த தண்டனை, கம்பெனிக்கு நாலு நாள் லாபம். அஞ்சாம் நாள் காலையில வழக்கம்போல ஆபீஸ்.

6 ஆகஸ்ட்

"அப்ப கேஸால ஒண்ணுமே நடக்கலையா"ன்னு கோபமா ஒரு கேள்வி. நடந்துச்சு. 1990-ல அமெரிக்கா சட்டம் போட்டு, டேங்கருக்கு அடியிலயும் பக்கத்துலயும் ரெட்டைச் சுவர் கட்டாயம்னு கொண்டுவந்தாங்க. வால்டெஸுக்கு இருந்தது ஒத்தைச் சுவர். 1970-கள்ல 700 டன்னுக்கு மேல போற கசிவு வருஷத்துக்கு 24, 25 நடக்கும். 2010-கள்ல சராசரி ரெண்டுக்கும் கீழ. அதனால கடல்ல நிலைமை மோசமாகிக்கிட்டே போவுதுன்னு நான் சொல்லமாட்டேன். குறைஞ்சிருக்கு. வாய்க்கால் ஓரத்துக்கு யாரும் ரெட்டைச் சுவர் போடல, அதுவும் உண்மை.

9 ஆகஸ்ட், காலை

சித்தியோட பேரன் இந்த இழையைப் படிச்சுக் காட்டியிருக்கான். இன்னைக்குக் காலையில சித்தி போன். "ஏன்டா, ஊர்க்கதையை எல்லாம் எழுதுற, முக்கியமானதை எழுத மாட்டியா?" முக்கியமானது நஷ்டஈடு.

கம்பெனி ஒரு போகத்துக்கு உண்டான தொகையைக் குடுத்துச்சு. பட்டா யார் பேர்ல இருக்கோ அவருக்கு. நிலத்துக்காரர் இருந்தது கும்பகோணத்துல, மதகு எந்தப் பக்கம்னுகூட அவருக்குத் தெரியாது. 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை'ன்னு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டார். சித்தப்பா குத்தகைப் பதிவேட்டுல ஏறாதவர். சேத்துல இறங்கி மடையை அடைச்ச மனுஷன் எந்தக் காகிதத்துலயும் இல்ல. நடவு நட்ட பொம்பளைங்க, களைக்கு வந்தவங்க, அந்த வாய்க்கால்ல மீன் பிடிச்சுத் தின்னவங்க, இவங்களும் இல்ல.

நிலத்துக்காரர் ஒரு பைசா தரலைன்னுதான் நான் ஊர்ல சொல்லிக்கிட்டிருந்தேன். சித்தி அதையும் திருத்தினாங்க. அந்த வருஷக் குத்தகையில நாலு மூட்டை தள்ளிக் குடுத்தாராம். "அவரு பாவம், கேட்டா இன்னும் குடுத்திருப்பாரு. ஒங்க சித்தப்பா கேக்க மாட்டாரு." சரி.

அடுத்த போகம் மதகடி மூலையில நாத்து பிடிக்கவே இல்ல. அதுக்கடுத்த போகம் பிடிச்சுது, மஞ்சளா. நாலாவது வருஷம்வரைக்கும் ஏர் கட்டினா மேல சேறு, கீழ கறுப்பா ஒரு ஏடு. கால்ல ஒட்டினா தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ச்சாத்தான் போவும். கையெழுத்துப் போட்டது முதல் போகத்துக்கு மட்டும்.

இதை எழுதுறப்பதான் எனக்கு அலாஸ்காக் குழிகள் உறைச்சுது. 2001-ல, பன்னிரண்டு வருஷம் கழிச்சு, அங்க 91 இடத்துல ஒன்பதாயிரம் குழிக்கு மேல தோண்டிப் பார்த்தாங்க. பாதிக்கு மேல இடத்துல கல்லுக்கு அடியில அதே எண்ணெய் இருந்துச்சு. மேல நின்னு பார்த்தா சுத்தமான கரை. அந்த ஊர் ஹெர்ரிங் மீன், நம்ம மத்தி மாதிரி கூட்டமா வர்றது, 1993-ல ஒரேயடியாச் சரிஞ்சுபோச்சு. எண்ணெயாலயா, நோயாலயான்னு விஞ்ஞானிங்க இன்னும் சண்டை போடுறாங்க. சண்டை முடியலன்னா கணக்குல வராது.

10 ஆகஸ்ட்

சீரியஸா எழுதி எனக்கே வயித்தைக் கலக்குது, ஒரு வேடிக்கை. அந்தக் கப்பல் எங்க போச்சு தெரியுமா? பிரின்ஸ் வில்லியம் சவுண்டுக்குள்ள திரும்ப வரக்கூடாதுன்னு சட்டத்துலயே வழி பண்ணிட்டாங்க. பேரை மாத்தி மாத்தி ஓடுச்சு. மெடிடரேனியன், டோங் ஃபாங் ஓஷன், கடைசியில ஓரியண்டல் நைசிட்டி. 2012-ல உடைக்கிறதுக்கு வந்தது நம்ம குஜராத்துல கப்பல் உடைக்கிற அலங் ஊருக்கு! உள்ள விடலாமான்னு நம்ம உச்ச நீதிமன்றம்வரைக்கும் போய், அனுமதி வாங்கித்தான் கரையேத்தினாங்க.

அலங் இரும்பு உருக்கிக் கம்பியாவும். என் மச்சான் 2013-ல கட்டின வீட்டுல விரிசல் விட்டுச்சு. நான் அவன்கிட்ட என்ன சொல்லியிருப்பேன்னு யூகிச்சுக்குங்க.

14 ஆகஸ்ட், இரவு

நாகப்பட்டினம் பக்கத்துலேர்ந்து ஒருத்தர், 'லாரியை மட்டும் பேசுறீங்க, 2023 மார்ச்சுல எங்க கடலை மறந்துட்டீங்களே'ன்னு கேட்டிருக்கார். நியாயம். நாகூர் பட்டினச்சேரிக் கரையில கச்சா எண்ணெய்க் குழாய் உடைஞ்சு கடல்ல கலந்துச்சு. படகுங்க கரையில நின்னுச்சு. குழாயை அடைச்சா போதாது, பிடுங்கி எடுங்கன்னு மீனவர்கள் உக்கார்ந்தாங்க.

நான் அந்த வாரம் நாகூர் போயிருந்தேன், தர்காவுக்கு, வேற வேலையா. மீன் விக்கிற ஒரு அக்கா வெறும் கூடையை வெச்சுக்கிட்டு உக்கார்ந்திருந்தாங்க. "மீனு ஆழ்கடல்லேர்ந்து வந்தது தம்பி, எண்ணெய் பட்டதில்ல. ஆனா யாரு வாங்குறா? மோந்து பாத்துட்டு வெச்சிட்டுப் போறாங்க." படகு வெச்சிருக்கிறவங்களுக்கு நஷ்டம்னு எழுத ஒரு படகு இருக்கு. அந்த அக்காவுக்கு என்ன இருக்கு, கூடைக்கு என்ன நம்பர்?

2017 ஜூன் கடைசியில கதிராமங்கலத்துல வயல்ல குழாய் கசிஞ்சப்பவும் பேச்சு அடிதடி, கைது, ஜாமீன்னு போச்சு. அந்த வயல் மறுவருஷம் என்ன விளைஞ்சுதுன்னு யாரும் கேட்டதாத் தெரியல. 2020-ல பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்துச்சு, புதுக் கிணறு கிடையாது. நல்லது, நானும் வெடி வெடிச்சேன். ஏற்கெனவே ஓடுற கிணத்தையும் குழாயையும் அது தொடல.

என் பக்கம் ஒரு ஒப்புதலும் இருக்கு. என் தம்பி பத்து வருஷம் கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். தங்கச்சி கல்யாணம் அந்தச் சம்பளத்துலதான் நடந்துச்சு. கம்பெனியைத் திட்டி நான் எழுதுறதைப் படிச்சிட்டு, "அண்ணே, சாப்பாடு போட்டப்ப நாத்தம் தெரியலையா?"ன்னு மெசேஜ் அனுப்பியிருக்கான். பதில் போடல இன்னும்.

8 செப்டம்பர், மாலை

தண்ணி வந்து நிலம் பதமாச்சு. சித்தி பேரன் இந்த வருஷம் நேரடி விதைப்பு. மதகடி மூலையில தோண்டிப் பார்த்துட்டு எழுதுறேன்னு மனசுக்குள்ள நினைச்சிருந்தேன். அலாஸ்கா மாதிரி, முப்பது வருஷம் கழிச்சும் கறுப்பு ஏடு இருக்கும்னு எழுதினா இந்த இழைக்கு நல்ல முடிவா இருக்கும்னு ஒரு ஆசை, மறைப்பானேன்.

காலையில மம்பட்டி எடுத்துக்கிட்டுப் போனேன். முழங்கால் ஆழம். ஒண்ணும் இல்ல. மோந்து பார்த்தேன், மண் வாசனை. இன்னொரு இடத்துல வெட்டினேன், அங்கயும் இல்ல. வரப்புல உக்கார்ந்துட்டேன்.

பேரன் சிரிக்கிறான். "மாமா, ரோடு அகலம் பண்ணினப்ப இங்கதானே நாலு லாரி சவுடு அடிச்சாங்க. நீங்க வெட்டினது அந்த மண்ணு. பழைய வயலு இன்னும் கீழ கிடக்கு."

இடுப்பு வலி. இன்னொரு நாள் பார்க்கணும்.